கைராசியைப் பாடமாக்கும் படிப்பு: செவிலியர் ஆசிரியர் ஆக எம்.எஸ்சி. நர்சிங்

பத்து ஆண்டு வார்டில் நின்ற ஸ்டாஃப் நர்ஸுக்கு நரம்பு ஒரே குத்தில் கிடைக்கும். "சிஸ்டருக்கு நல்ல கைராசி" என்பார்கள் நோயாளியின் வீட்டார். அதே சிஸ்டரிடம் இரண்டாம் ஆண்டு மாணவியை ஒப்படைத்து, கேன்யூலா (நரம்பில் மருந்து ஏற்றச் செருகும் சிறு குழாய்) போடக் கற்றுக்கொடுங்கள் என்றால், "நான் செய்யறதைப் பாத்துக்கோ" என்பதோடு பாடம் முடிந்துவிடும். மாணவி பார்த்துக்கொள்வாள். ஆனால் கையை இறுக்கும் பட்டையான டூர்னிக்கே எத்தனை விரல் மேலே கட்டப்பட்டது, ஊசியின் பின்னாலுள்ள சிறு அறைக்குள் ரத்தம் தெரிந்ததும் அதன் சாய்வு ஏன் குறைந்தது, இவையெல்லாம் அவள் கண்ணில் படாது. கேட்டால் சிஸ்டருக்கும் சட்டென்று சொல்ல வராது. அம்மாவிடம் ரசத்துக்கு எவ்வளவு புளி என்று கேட்டால் "கண்ணளவுதான்" என்பது போல.

இது திறமைக் குறைவு அல்ல, திறமை முற்றியதன் அடையாளம். அமெரிக்கச் செவிலியர் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-ல் செவிலியரின் வளர்ச்சியைத் தொடக்கநிலை முதல் வல்லுநர் வரை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் இருப்பவர் விதியைப் பார்த்து வேலை செய்கிறார். ஐந்தாம் படியில் இருப்பவர் விதியை மறந்தேவிட்டார், நிலைமையைப் பார்த்ததும் கை போகிறது. கற்பிப்பவர் ஐந்தாம் படியில் நின்றுகொண்டு முதல் படியில் இருப்பவரிடம் பேச வேண்டியிருக்கிறது. மறந்துபோன விதிகளை மீட்டெடுத்து, வரிசைப்படுத்தி, மாணவி கற்றுக்கொண்டாளா என்று அளந்து பார்ப்பது தனித் தொழில். அந்தத் தொழிலுக்கான வழக்கமான வாசல்தான் எம்.எஸ்சி. நர்சிங். நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை எனத் தமிழ்நாடு–கேரள எல்லையின் இரு பக்கமும் வேலை பார்க்கும் செவிலியர்களை மனத்தில் வைத்து அதைப் பார்ப்போம்.

யார் சேரலாம்

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங் அல்லது (ஜி.என்.எம். என்ற டிப்ளமோ முடித்தவர்கள் படிக்கும்) போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் குறைந்தது 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு. மாநில கவுன்சில் ஒன்றில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்திருக்க வேண்டும். ஓராண்டு பணி அனுபவம் கட்டாயம்.

இந்த ஓராண்டில் பலர் சறுக்குகிறார்கள். நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்தவருக்குப் பட்டத்துக்குப் பிந்தைய அனுபவம்தான் கணக்கு. ஜி.என்.எம். முடித்துப் பிறகு போஸ்ட் பேசிக் படித்தவருக்கு அந்தப் படிப்புக்கு முன்னால் பார்த்த வேலையும் செல்லும். ஆகவே பதினைந்து ஆண்டு வேலை பார்த்த ஜி.என்.எம். சிஸ்டர், இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் முடித்த கையோடு எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்கலாம், இடையில் மறுபடி ஓராண்டு வார்டுக்குப் போக வேண்டியதில்லை. எம்.எஸ்சி.யின் இரண்டு ஆண்டையும் சேர்த்தால் அவருக்கு மொத்தம் நான்கு ஆண்டுப் படிப்பு.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், வேலை பார்த்த பிரிவு, மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பதவி எல்லாம் லெட்டர்ஹெட்டில் இருக்கட்டும். "ஓராண்டுக்கு மேல் பணிபுரிந்தார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வாங்கியவை சரிபார்ப்பு மேசையில் திரும்பி வருகின்றன. வேலையை விடும் அன்றே வாங்கிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போனால் நர்சிங் சூப்பிரண்டெண்ட் மாறியிருப்பார், ரெஜிஸ்டரும் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இரண்டு ஆண்டில் என்ன நடக்கிறது

கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில் முதல் ஆண்டு 600 மணி நேரம் வகுப்பும் 1,100 மணி நேரம் செய்முறையும். இரண்டாம் ஆண்டு வகுப்பு 300, செய்முறையும் ஆய்வும் சேர்ந்து 1,400. மொத்தம் 3,400 மணி.

இதில் நர்சிங் எஜுகேஷன் என்ற பாடத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள்: வகுப்பு 150, செய்முறை 150, ஆக 300. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் முதல் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பாதிக்கு மேல், அதாவது 1,900 மணி, நீங்கள் எடுக்கும் சிறப்புப் பிரிவுக்குப் போகிறது. மீதி அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ், ஆய்வும் புள்ளியியலும், மேலாண்மை, டிசர்டேஷன் என்ற ஆய்வேடு. ஆசிரியராவதற்கென்றே இந்தப் படிப்பு என்று நினைத்து வருபவர்களுக்கு இது முதல் அதிர்ச்சி. எங்கள் கருத்தில், அந்த 300 மணி நேரத்தைக் கோட்டைவிட்டவர் பட்டம் வாங்கினாலும் பழைய "பாத்துக்கோ" ஆசிரியராகத்தான் வெளியே வருவார்.

வாரத்துக்கு 40 மணி, ஆண்டுக்கு 42 வாரம் என்பது கணக்கு. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் பெறுவதற்குள் ஒவ்வொரு செய்முறைப் பகுதியிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இதோடு நைட் டியூட்டி பார்த்துக்கொண்டு படிக்க முடியாது. "வேலையை விட வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று யாராவது எம்.எஸ்சி. நர்சிங் விற்க வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்: தொலைநிலையில் படிக்கும் எம்.எஸ்சி. நர்சிங்குக்கு கவுன்சிலின் அங்கீகாரம் இல்லை. விடுப்பு எடுப்பதா, ராஜினாமா செய்வதா, வீட்டுக்கடன் தவணை இரண்டு வருடம் யார் கட்டுவது என்ற கணக்கை விண்ணப்பத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எந்தப் பிரிவை எடுப்பது

மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமூக நலம் என ஐந்து. மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் இதயம், தீவிர சிகிச்சை, புற்றுநோய், நரம்பியல் போன்ற உட்பிரிவுகள் உண்டு. பி.எஸ்சி. நடத்தும் எந்தக் கல்லூரிக்கும் ஐந்து துறைக்கும் ஆசிரியர் வேண்டும் என்பதால், "இதை எடுத்தால்தான் வேலை" என்ற பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். எட்டு வருடம் லேபர் ரூமில் நின்றவர் மகப்பேற்றை விட்டுவிட்டு, சீட் கிடைத்தது என்பதற்காக மனநலத்துக்குப் போனால், 1,900 மணி நேரத்தையும் முதலிலிருந்து தொடங்குகிறார். கையில் இருக்கும் அனுபவமே முதலீடு, அதை ஏன் வீசுவது? வார்டை விட்டு நகரவே மனமில்லை, ஐ.சி.யூ.விலேயே மேலே போக வேண்டும் என்பவருக்கு நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர் என்ற இரண்டு ஆண்டுப் படிப்பு தனியாக இருக்கிறது. அதன் நோக்கம் படுக்கையருகுப் பணி.

கற்பித்தலைக் கற்கும் 300 மணி

முதலில் நோக்கம் எழுதப் பழக்குவார்கள். "மாணவிகள் கேன்யூலா பற்றிப் புரிந்துகொள்வார்கள்" என்று எழுதினால் கைடு (வழிகாட்டும் ஆசிரியர்) அந்த வரியை அடித்துவிடுவார். புரிந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? "18, 20, 22 கேஜ் கேன்யூலாக்களை நிறம் கொண்டு வேறுபடுத்துவார்", "டம்மிக் கையில் பத்து நிமிடத்துக்குள் கேன்யூலா செலுத்திக் காட்டுவார்" என்பவை அளக்கக்கூடியவை. அறிவு, மனப்பாங்கு, கைத்திறன் என்று அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் குழு பிரித்த மூன்று களங்களில் உங்கள் நோக்கம் எதில் விழுகிறது என்பதைப் பொறுத்து, சொல்லிக் கொடுக்கும் முறையும் தேர்வும் மாறும். கைத்திறனை எழுத்துத் தேர்வில் சோதிப்பது, தோசை வார்க்கத் தெரியுமா என்று கட்டுரை எழுதச் சொல்வதற்குச் சமம்.

அடுத்தது லெசன் பிளான். நேரம், நோக்கம், பாடப்பொருள், ஆசிரியர் செயல், மாணவர் செயல், உபகரணம், மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக எழுதுவது. 45 நிமிட வகுப்பில் ஐந்து நிமிடம் அறிமுகம், கடைசி ஐந்து நிமிடம் கேள்வி, மிஞ்சுவது 35. அனுபவசாலிகள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தது அதிகம். 35 நிமிடத்துக்குள் பத்து வருட வார்டைக் கொட்டப் பார்ப்பார்கள், ஸ்லைடு அறுபதைத் தாண்டும், மாணவர் செயல் என்ற கட்டத்தில் ஏழு இடத்திலும் "கவனித்தல்" என்று இருக்கும். ஒரு வகுப்புக்கு மூன்று நோக்கம் போதும்.

மைக்ரோ டீச்சிங்கை, அதாவது சக மாணவர் முன் சில நிமிடப் பாடம் நடத்திப் பழகுவதை, விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் பரவலாகப் பின்பற்றும் சுற்று 36 நிமிடம்: ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் திருத்தி எழுதுதல், ஆறு நிமிடம் மறுபாடம், மறுபடி ஆறு நிமிடம் பின்னூட்டம். ஒரு சுற்றில் ஒரே ஒரு திறன்: கேள்வி கேட்பது, அல்லது உதாரணம் சொல்வது, அல்லது கரும்பலகை எழுதுவது. தன்னைவிடப் பத்து வயது இளையவர், "மேடம், கேள்வி கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிட்டீங்க" என்று சொல்வதை முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்வதும் இதிலேயே பழக வேண்டியது.

கைத்திறன் கற்பிக்க அறுவை மருத்துவர் ரோட்னி பேட்டன் சொன்ன நான்கு படிகள் மிகப் பயன்படும். கேன்யூலாவையே எடுத்துக்கொள்வோம். முதல் படியில் நீங்கள் இயல்பான வேகத்தில், பேசாமல், முழுதும் செய்து காட்டுகிறீர்கள். இரண்டாவதில் மெதுவாக, ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் சொல்லியபடி: டூர்னிக்கே குத்தும் இடத்துக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே, ஆன்டிசெப்டிக் தடவிய இடம் தானாக உலரட்டும், ஊதக் கூடாது, தடவிய பிறகு விரல் வைத்துப் பார்க்கக் கூடாது, 10 முதல் 30 டிகிரி சாய்வில் உள்ளே, ரத்தம் ஊசியின் அறையில் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து, ஊசியை நிறுத்தி, குழாயை மட்டும் தள்ளு, டூர்னிக்கேயை அவிழ்த்து, நுனிக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊசியை வெளியே எடு. மூன்றாவது படியில் மாணவி வாயால் சொல்ல, நீங்கள் அவள் சொன்னதை மட்டும் செய்கிறீர்கள். நான்காவதில் அவளே சொல்லிச் செய்கிறாள்.

அதிகம் தவிர்க்கப்படுவது மூன்றாம் படி. நேரமில்லை என்பார்கள். ஆனால் மாணவியின் மனத்தில் எந்தப் படி விடுபட்டிருக்கிறது என்பது அங்கேதான் வெளிப்படும். அவள் டூர்னிக்கேயை அவிழ்க்கச் சொல்ல மறந்தால் நீங்களும் அவிழ்க்கக் கூடாது. டம்மிக் கையிலிருந்து சிவப்பு நீர் மேசையில் வழிந்தால் அவளுக்கு அது ஆயுசுக்கும் மறக்காது. உங்கள் கை பழக்கத்தில் தானாக அவிழ்த்துவிடும். அதைத் தடுப்பதுதான் உங்களுக்கான பயிற்சி.

மதிப்பீட்டில் இரண்டு விஷயம். ஒன்று ஓ.எஸ்.சி.இ., மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. ஸ்காட்லாந்தின் டண்டியில் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டன் 1975-ல் வெளியிட்ட முறை: எல்லா மாணவருக்கும் ஒரே நிலையங்கள், ஒரே நேரம், ஒரே சரிபார்ப்புப் பட்டியல். 2021-ல் வந்த புதிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறி, இதையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. ஆகவே நிலையம் அமைக்கத் தெரியாத டியூட்டரால் (இளநிலை ஆசிரியரால்) இனி ஒப்பேற்ற முடியாது. நிலையத்தில் கேள்வி ஒன்று இருக்க, பட்டியலில் வேறொன்றுக்கு மதிப்பெண் இருப்பது அடிக்கடி நடக்கும் பிழை. முந்தின நாள் சக ஆசிரியர் ஒருவரை மாணவியாக நடிக்கவிட்டுப் பார்த்தால் பிடிபடும்.

இன்னொன்று, நீங்கள் போட்ட கேள்விக்கே பரீட்சை வைப்பது. 30 பேர் எழுதிய தாளில் மேல் 27 சதவீதமும் கீழ் 27 சதவீதமும் எடுங்கள். தலா எட்டுப் பேர். ஒரு கேள்விக்கு மேல் எட்டில் ஏழு பேரும் கீழ் எட்டில் இரண்டு பேரும் சரியாக எழுதியிருந்தால், கடின அளவு (சரியாக எழுதியவரின் பங்கு) 9-ஐ 16-ஆல் வகுக்க 0.56, பிரித்தறியும் அளவு (மேல், கீழ் குழுக்களின் வித்தியாசம்) 5-ஐ 8-ஆல் வகுக்க 0.63. நல்ல கேள்வி. மாறாக, கெட்டிக்காரர்கள் தவறவிட்டுப் பின்தங்கியவர்கள் சரியாக எழுதினால் இரண்டாம் எண் மைனஸில் போகும். அப்போது மாணவியைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும் விடைக்குறிப்பு தப்பாக இருக்கும், இல்லையென்றால் கேள்வியிலேயே இரண்டு அர்த்தம் இருக்கும்.

டிசர்டேஷன், எல்லையில்

ஆய்வுத் திட்டத்தை முதல் ஆண்டின் ஒன்பதாம் மாத முடிவிலும், முடித்த டிசர்டேஷனை இரண்டாம் ஆண்டின் ஒன்பதாம் மாத முடிவிலும் ஒப்படைக்க வேண்டும். ஒரு கைடுக்கு அதிகபட்சம் நான்கு மாணவர். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்த பிறகே தகவல் திரட்டலாம். முன்னால் திரட்டியதைப் பின்தேதியிட்டுச் சேர்ப்பது குற்றம்.

தலைப்பு எடுக்கும்போது முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 60 பேர் வேண்டும், கையில் ஆறு வாரம் என்றால் வாரத்துக்குப் பத்துப் பேர் கிடைக்க வேண்டும். மாதம் மூன்று பேர் வரும் பிரிவை எடுத்துவிட்டு, பிறகு மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. வார்டு ரெஜிஸ்டரில் கடந்த ஆறு மாதத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலைப்பைச் சொல்லுங்கள். ரெஜிஸ்டரை எங்கே பார்ப்பது, யாரிடம் கேட்பது என்பது அனுபவம் உள்ளவருக்குத் தெரியும், பி.எஸ்சி. முடித்து ஓராண்டில் வந்தவருக்கு அது தெரியாது.

கேள்வித்தாள் மொழி இந்தப் பகுதிக்கே உரிய சிக்கல். நெய்யாற்றின்கரையிலோ பாறசாலையிலோ ஒரே வார்டில் தமிழ் பேசுபவரும் மலையாளம் பேசுபவரும் அடுத்தடுத்த கட்டிலில் இருப்பார்கள். ஒப்புதல் படிவமும் கேள்வித்தாளும் இரண்டு மொழியிலும் வேண்டும். ஒவ்வொன்றையும் வேறொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து மூலத்தோடு ஒப்பிட வேண்டும். சொல் ஒன்றாக இருக்கும், பொருள் வேறாக இருக்கும். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். 'வேதன' என்றால் உடல் வலி. தமிழில் வேதனை பெரும்பாலும் மனத்தைச் சேர்ந்தது. வலி அளவுகோலில் இந்தச் சொல்லை அப்படியே விட்டால், தமிழ் நோயாளி வீட்டுக் கவலைக்கு மதிப்பெண் போட்டுவிடுவார். 'விஷமம்' இன்னும் மோசம்: அங்கே மனக்கஷ்டம், இங்கே குறும்பு. மேற்குக் குமரியில் பிறந்தவருக்கு இது சொல்லாமலே தெரியும். மொழிபெயர்த்துக் கொடுப்பவர் மதுரைக்காரராக இருந்தால்தான் வம்பு.

மொழிபெயர்த்த கருவியை வல்லுநர் ஐந்து முதல் ஏழு பேரிடம் காட்டி, மாதிரியில் பத்தில் ஒரு பங்கினரிடம் முன்னோட்டம் பார்த்து, நம்பகத்தன்மை 0.7-க்கு மேல் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். இரு மொழிக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு மொழியின் ஓட்டையை மற்றது மறைத்துவிடும்.

எல்லை தாண்டும் காகிதங்கள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்குள்தான். காகிதத்துக்கு அது நீண்ட தூரம். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு வழியாகவும், கேரளத்தில் நுழைவுத் தேர்வு ஆணையர் வழியாகவும் சேர்க்கை நடக்கிறது. பட்டம் தருவது இங்கே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அங்கே திருச்சூரில் இருக்கும் கேரள சுகாதாரப் பல்கலைக்கழகம். அக்கரையில் படிக்க விரும்பினால், சேர்க்கைக் கையேட்டில் பிறப்பிடம் குறித்த விதியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படியுங்கள். அதிலேயே பாதிப்பேருக்கு முடிவு தெரிந்துவிடும். வேறு பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. படித்தவர் தகுதிச் சான்றிதழும் மைக்ரேஷன் சான்றிதழும் வாங்க வேண்டும்.

பதிவும் அப்படித்தான். கேரள கவுன்சிலில் பதிவு செய்தவர் தமிழ்நாட்டில் படிக்கவோ கற்பிக்கவோ வந்தால், தாய்க் கவுன்சிலிலிருந்து தடையில்லாச் சான்று பெற்று இங்கே பதிய வேண்டும். எதிர்த் திசையிலும் அதே. ஒரு கவுன்சில் மற்றொன்றுக்கு எழுதிச் சரிபார்ப்பதால் வாரங்கள் மாதங்களாகும். சேர்க்கை அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெயர்ப் பிரச்சினை தனி ரகம். தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியல், கேரளச் சான்றிதழில் பின்னால் போய் நிற்கும். சிலவற்றில் விரிந்து வீட்டுப்பெயராகிவிடும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். இருவரும் ஒருவரே என்ற சான்றை கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸரிடமும், தமிழ்நாட்டில் நோட்டரி பிரமாணப் பத்திரமாகவும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு

டியூட்டர் வேலைக்கு பி.எஸ்சி.யோடு ஓராண்டு வார்டு அனுபவமே போதும், எம்.எஸ்சி. இருந்தால் முன்னுரிமை. ஆகவே படிக்குமுன் ஓராண்டு டியூட்டராக இருந்து பார்ப்பதும் நல்ல யோசனை. கற்பித்தல் ஒத்துவராது என்பது அப்போதே தெரிந்தால் இரண்டு வருடமும் பணமும் மிச்சம். உதவிப் பேராசிரியர் பதவிக்கு எம்.எஸ்சி.யும் மூன்று ஆண்டு கற்பித்தல் அனுபவமும் கேட்பார்கள். இணைப் பேராசிரியருக்கு மொத்தம் எட்டு ஆண்டு, அதில் ஐந்து கற்பித்தல். உங்கள் பதினைந்து வருட வார்டு இந்த ஏணியில் அப்படியே ஏறாது என்பது கசப்பான உண்மை. முப்பது வயதில் சேர்பவரும் நாற்பத்தைந்தில் சேர்பவரும் ஒரே படியிலிருந்து தொடங்குகிறார்கள்.

பட்டம் கைக்கு வந்ததும் கூடுதல் தகுதியாக மாநில கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு வேலையில் சேர்ந்தவர்கள், கல்லூரியைச் சோதனையிடும் குழு வரும் வாரத்தில் அசலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ ஓடுகிறார்கள்.